ஒட்டுப்பால்

பந்திங்கில், கிள்ளான் போகும் சாலையோரத்தில் ஒரு டயர்க் கடை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே இரண்டு காடிகள் அருகருகே நின்றன. காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். மெக்கானிக் எங்களுக்குப் போமன். வேறு சொல் வைத்து இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒன்று 1958இல் பதிவான மோரிஸ் மைனர். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர் வாங்கியது. அவர் காலமான பிறகு மகன் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கே எழுபது தாண்டிவிட்டது. மற்றது போர்ஷே 911 ஜிடி3. காலையில் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓடிவிட்டு, டயரின் காற்றழுத்தம் பார்ப்பதற்காக வந்து நின்றது. என் அக்காள் மகன் அந்தக் காடியைப் பராமரிக்கும் வர்க்‌ஷாப்பில் போமன். காடிக்காரர் எதிர்ச் சாரியில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மருமகன் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தான். கடைக்காரர் பின்சக்கரத்தைப் பார்த்தார். நான்கு ஐந்து போல்ட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. "இத கழட்ட எங்கிட்ட சாமான் இல்ல தம்பி" என்றார்.

இப்படி இரண்டு காடிகள் சேர்ந்து நின்றால் பார்க்கிறவன் மனம் தானாகக் கணக்குப் போடும். நானும் போட்டேன். மோரிஸுக்கு 948 சிசி எஞ்சின், 37 குதிரைத்திறன், முக்கால் டன் எடை. ஜிடி3க்கு 3,996 சிசி, 510 குதிரைத்திறன், எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். மோரிஸ் மூச்சுப் பிடித்தால் 115 கிலோமீட்டர் வேகம். மற்றது 300ஐத் தாண்டும். எங்கள் மலேசியாவில் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது. ஆயிரம் சிசிக்குள் அடங்கும் மோரிஸுக்கு வருடத்துக்கு 20 வெள்ளி. ஜிடி3க்கு அதே விகிதப் பட்டியல்படி 6,600 வெள்ளிக்கு மேல்.

இந்தக் கணக்குகள் எல்லாம் சரியானவை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் என் கண் போய் நின்ற இடம் வேறு. மோரிஸின் டயர் அகலம் ஐந்து அங்குலம். என் கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும். ஜிடி3இன் பின்டயர் 315 மில்லிமீட்டர், ஒரு அடிக்கும் மேலே. இரண்டுமே தரையைத் தொடுவது நான்கு சின்ன இடங்களில்தான். குதிரைத்திறன் எத்தனை இருந்தாலும், பிரேக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கடைசியில் அது சாலையிடம் பேசுவது அந்த நான்கு துண்டு ரப்பர் வழியாக. ரப்பர் என்றால் எங்கள் வீட்டில் அது வெறும் பொருள் கிடையாது. அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். பாட்டியும் அப்படித்தான்.

பழைய காடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் விண்டேஜ் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். காடிச் சேகரிப்பாளர்கள் வகுத்த கணக்கில் அது 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் உரியது. மோரிஸ் மைனர் அதற்கு மிகவும் பிந்தியது: அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் வெளிவந்து, 1971 வரை செய்யப்பட்டது, பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் காடி. உண்மையான விண்டேஜ் காலத்துக் காடிகளைத் தோட்டத்தில் ஓட்டியவர்கள் துரைமார்கள் மட்டுமே. அந்தக் காடியை என் தாத்தா எப்படிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். சைக்கிளை விட்டு இறங்கி, சாலையோரப் புல்லில் நின்று பார்த்தார்.

துரையின் காடி எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளில் உட்கார்ந்திருக்கக் கூடாது. துரை மட்டுமில்லை, கணக்கெழுதும் கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். 1941 ஏப்ரல், மே மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது ஆகியவற்றோடு, அதிகாரிகள் முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் எழுதப்பட்டிருந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். கூலி உயர்வுக்கான போராட்டம் என்று மட்டும் அதைச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காடியைக் கடந்து போக வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்.

நான்கு வருடம் கழித்து, சப்பான்காரன் சரணடைந்த பிறகு, 9 செப்டம்பர் 1945 அன்று பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது எங்கள் மோரிப் கடற்கரை வழியாகத்தான். கரைக்கு இறக்கிய வண்டிகளில் பல சேற்றில் அழுந்தி நின்றுவிட்டன. மோரிப் சேற்றை அறிந்த யாரும் அங்கே லோரியை இறக்கியிருக்க மாட்டார்கள். தாத்தா இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வண்டி புதைந்த இடத்தில் அவர் குரல் எப்போதும் கொஞ்சம் உயரும்.

இந்த ஊரில் நாங்கள் இருப்பதற்கே காடிதான் காரணம். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். இருபது வருடம் கழித்து, 1908இல், ஃபோர்டின் டி மாடல் வந்தது. உலகத்துக்கு டயர் வேண்டியிருந்தது. டயருக்குப் பால் வேண்டியிருந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. சிலாங்கூரின் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. ஒப்பந்தத்தால் பிணைக்கும் சஞ்சிக் கூலி முறை அந்தச் சமயத்தில்தான் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். சேலத்திலும் வட ஆற்காட்டிலும் திருச்சியிலும் நிலம் வறண்டு கிடந்தவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். டெட்ராய்டில் ஒரு காடி தொழிற்சாலையை விட்டு வெளியே உருண்டபோது, அதன் நான்கு சக்கரத்துக்காக யாரோ ஒரு அம்மா கோலா லங்காட்டில் விடியுமுன் எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டாள். அந்த வெள்ளைப் பால் அமிலம் சேர்ந்து உறைந்து, உருளையில் தகடாகி, புகைக்கூட்டில் காய்ந்து, கடல் தாண்டி, கரித்தூள் கலந்து கறுப்பாகித் திரும்பி வந்தது. துரையின் காடிக்கடியில் அது உருண்டபோது தாத்தா அதற்கும் சேர்த்துத்தான் இறங்கி நின்றார்.

டிரசரின் மோரிஸ் இந்தக் கதையில் 1964இல் வருகிறது. எனக்கு ஏழு வயது. தம்பி பிறக்க வேண்டிய இரவு. மருத்துவச்சிப் பாட்டி வெளியே வந்து அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார். டிரசர் வந்து பார்த்தார். "கிள்ளானுக்குக் கொண்டு போயிரணும்" என்றார். இருபது மைலுக்கு மேல். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவர் தன் வீட்டுக்குப் போய்க் காடியை எடுத்து வந்தார். மழைக் காலம். காடி கிளம்ப மறுத்தது. இரும்புக் கைப்பிடியை முன்னால் சொருகி இரண்டு முறை சுற்றினார், மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. லயத்து வாசலுக்கு அதுவரை எந்தக் காடியும் வந்து நான் பார்த்ததில்லை. அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். பாட்டி தலைமாட்டில். அப்பா முன்னால்.

எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். தோட்டத்துப் பாதை பெரிய சாலையைத் தொடும் முனையில் காடி நின்றது. அந்தக் காலத்து மோரிஸுக்குத் திரும்பும் விளக்கு கிடையாது. கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், உள்ளே மஞ்சள் வெளிச்சம். சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கை எழுந்தது. கிள்ளான் பக்கம் திரும்புகிறேன் என்று இருட்டுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியது.

டிரசர் அதிகாரி வகுப்பைச் சேர்ந்தவர். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் அவரைப் போன்ற ஒருவரின் காடிக்கு முன் தாத்தா இறங்கி நின்றிருப்பார். அப்படிப்பட்ட ஒரு காடி எங்கள் வாசலுக்கு வந்து எங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. தம்பி பிழைத்தான். டிரசர் நல்லவர் என்பது மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இடையில் 1941 நடந்திருந்தது, சுதந்திரம் வந்திருந்தது, தொழிற்சங்கம் வந்திருந்தது. ஒரு காடி யாருக்காகக் கதவைத் திறக்கிறது என்பது அதன் எஞ்சினில் தீர்மானமாவதில்லை.

பழையதைப் போற்றுகிறவர்கள் மறைக்கும் ஒரு விஷயத்தையும் நான் சொல்ல வேண்டும். அந்த மோரிஸில் சீட் பெல்ட் இல்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மழையில் நனைந்தால் பிடிக்கக் கொஞ்சம் யோசிக்கும். முன்னால் மோதினால் ஸ்டீரிங் தண்டு நேரே ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு வரும். எங்கள் ஊர்ச் சாலைகளில் அந்தக் காலத்துக் காடிகளில் போனவர்களை நான் அறிவேன், வீடு திரும்பாதவர்களையும் அறிவேன். மலேசியாவில் முன்சீட்டுக்காரர்கள் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டமே 1979இல்தான் வந்தது. பழைய காடியின் அழகைப் பேசும்போது அதில் செத்தவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

இதை நான் முழுதாக உணர்ந்தது சிப்பாங்கில். பந்திங்கிலிருந்து அரை மணி நேரப் பயணம். சுற்றிலும் செம்பனை, நடுவில் 5.543 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் தார், பதினைந்து திருப்பங்கள். 1999இல் திறந்தார்கள். 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. 20 மார்ச் 2005 அன்று மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்க் குன்று மேட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர், மஞ்சள் நிற ஜோர்டன் காடியில் போனார். பதினோராவதாக வந்தார். புள்ளி எதுவும் கிடைக்காத இடம். எங்களைச் சுற்றியிருந்தவர்கள் அவர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எழுந்து நின்றார்கள். இந்த எழுந்து நிற்றல் வேறு. தாத்தா இருந்திருந்தால் வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்திருப்பார். மருமகன் அன்றைக்கு ஓட்டுநரைவிட, காடி நின்றதும் பாய்ந்து வந்து எரிபொருள் நிரப்பியவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவன் போமன்.

அவன் ஏற்பாட்டில் போன வருடம் அதே தடத்தில், அந்த ஜிடி3இன் பக்கத்துச் சீட்டில் ஒரு சுற்றுப் போனேன். வேகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னை உலுக்கியது பிரேக். பிரதான நேர்ப்பாதை முடியும் இடத்தில் வலப்பக்கம் ஒரு பெரிய திருப்பம். அது கிட்டே வந்த பிறகும் காடிக்காரர் காலை எடுக்கவில்லை. போய்விட்டோம் என்று நினைத்த நொடியில் ஏதோ ஒரு பெரிய கை பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியது போலக் காடி அடங்கியது. பெல்ட் என் தோளை அழுத்தியது, சக்கரம் ஒன்றுகூட வழுக்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு 1964 நினைவு வந்தது. அந்த இரவு, அந்த மழையில், நனைந்த டிரம் பிரேக்கோடு, எதிரே ஒரு லோரி வந்திருந்தால்? புதிய காடியின் மேன்மை அதன் ஓட்டத்தில் இருக்கிறது என்று நினைத்துப் போனவன், அதன் மேன்மை நிற்பதில் இருக்கிறது என்று தெரிந்து இறங்கினேன். பந்தயத்தில் கற்றுக்கொண்ட இந்தப் பிரேக்கும் டயரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணக் காடிக்கும், தோட்டத்துப் பிள்ளைகள் வாங்கும் ஆக்சியாவுக்கும் வந்து சேருகின்றன. பணக்காரன் விளையாட்டு என்று அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

இருந்தாலும் பானட்டைத் திறந்து பார்க்கும்போது மனம் மறுபடியும் பழையதன் பக்கம் சாய்கிறது. மோரிஸின் பானட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றித் தரை தெரியும். கை உள்ளே போகும். ஒரே ஒரு கார்புரேட்டர். சோக்கை இழுத்தால் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். டிரசர் தன் ஸ்டெதாஸ்கோப்பை எஞ்சின் மேல் வைத்துக் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்; வால்வுச் சத்தத்தை அப்படித்தான் பிரித்தறிவார். அந்தக் காடிக்கு வரக்கூடிய நோய் முழுவதையும் பந்திங்கில் பத்துப் பேராவது அறிந்திருந்தார்கள். அசல் சாமான் கிடைக்காமல் போனபோது, கிள்ளான் பக்கத்துக் காடி வெட்டும் கடைகளில் சப்பானிய எஞ்சின் வாங்கி மோரிஸுக்குள் பொருத்தி ஓட்டியவர்கள் உண்டு. டிரசரின் மகன் அதற்கு ஒப்பவில்லை. அப்பா கேட்ட சத்தம் அதுதான், அது மாறக் கூடாது என்கிறார்.

ஜிடி3இன் எஞ்சின் பின்னால், தாழ்வாக, மூடிகளுக்குக் கீழே கிடக்கிறது. மருமகன் அதைத் தொடுவதற்கு முன் ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சொருகியில் கம்பியை மாட்டி லேப்டாப்பைத் திறக்கிறான். எந்த உருளையில் எத்தனை டிகிரி, எந்த நொடியில் எது தவறியது என்று காடியே சொல்கிறது. "அப்ப உனக்கென்ன வேலைடா?" என்று கேட்டேன். "அது எங்க வலிக்குதுன்னு சொல்லும் மாமா. ஏன் வலிக்குதுன்னு நாமதான் பாக்கணும்" என்றான். பிறகு அந்த டயர்க் கடையில் அவன் செய்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. அழுத்தமானியில் எண்ணைப் பார்த்தான், காடியின் திரையிலும் பார்த்தான், இரண்டும் ஒத்துப்போயின. அதன் பிறகும் உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை சூட்டைத் தடவிப் பார்த்தான். அம்மா பால்மரப் பட்டையை அப்படித்தான் தடவுவார்.

அம்மாவின் மரங்கள் போய்விட்டன. 1942இல் மலாயா சப்பான் கையில் விழுந்தபோது அமெரிக்கா ரப்பருக்கு வழியில்லாமல் எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. யுத்தம் முடிந்தும் அந்த ஆலைகள் எல்லாமும் மூடப்படவில்லை. பால் விலை பழையபடி நிலைக்கவில்லை. அறுபதுகளிலிருந்து பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் எழுபதுகளில் கடைசிக் காடும் விழுந்தது. இன்றைக்கு ஜிடி3 போன்ற காடியின் டயரில் தரையைப் பிடிக்கும் மேல்தோல் பெரும்பாலும் செயற்கை ரப்பர். பக்கச் சுவரிலும் உள்ளேயும் மரத்துப் பால் இருக்கிறது. சூடேறாமல் பாரம் தாங்க அதற்கு இன்னும் மாற்று வரவில்லை. அதனால்தான் விமானத்தின் டயர் அநேகமாக முழுவதும் இயற்கை ரப்பர். பந்திங் வானத்தில் தாழப் பறந்து விமான நிலையத்தில் இறங்கும் ஒவ்வொன்றும் முதலில் தரையில் வைப்பது அந்தப் பாலைத்தான்.

அன்று மாலை மருமகன் வீட்டுக்கு வந்தான். பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. அம்மாவுக்கு வயது எண்பத்தேழு. கண் மங்கல், மூக்கும் கையும் நன்றாக இருக்கின்றன. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி கறுப்பு உருண்டைகளை எடுத்து அம்மாவின் கையில் வைத்தான். பந்தயத் தடத்தில் டயர் தேய்ந்து உதிர்ந்து ஓரத்தில் சேரும் துணுக்குகள். சூட்டில் சுருண்டு, மண் ஒட்டி, முறுக்கிய நூல் போலச் சில, கோலிக்குண்டு போலச் சில.

அம்மா விரலால் உருட்டினார். நகத்தால் கிள்ளி இழுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஒட்டுப்பால் மாதிரி இருக்கே. வாசம்தான் இல்ல."

ஒட்டுப்பால் என்பது மரத்தின் வெட்டுக்காயத்தில் கடைசியாகக் கசிந்து உறைந்து ஒட்டிக்கொள்வது. மறுநாள் சீவுவதற்கு முன் அதை உரித்துக் கூடையில் போட வேண்டும். ஸ்டோரில் பாலை நிறுத்த பிறகு அதைத் தனியாக நிறுப்பார்கள். விலை குறைவு. ஆனால் விட்டுவிட்டு வந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார்.

"இத யாருடா பொறுக்குறா?" என்றார்.

"யாரும் பொறுக்க மாட்டாங்க பாட்டி. கூட்டித் தள்ளிருவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பெரிய ரேஸ்ல முடிஞ்சதும் காடிய நிறுத்துப் பாப்பாங்க. எடை கொறஞ்சா ஒத்துக்க மாட்டாங்க. அதனால கடைசி ரவுண்டு முடிஞ்சதும் ஓட்டுறவங்க ஓரமா போயி, இதுமேல ஏத்தி, சூடான டயர்ல ஒட்ட வச்சிக்கிட்டு வருவாங்க."

அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்ததை ஒருமுறை மேலும் கீழுமாகத் தூக்கிப் பார்த்தார், தராசில் போடுகிற மாதிரி.

"எத்தன ராத்தல் தேறும்?" என்று கேட்டார்.